மூலிகை டீக்கு எது ஜோடி? வடையா, பணியாரமா, மத்தியானச் சாப்பாடா?

சாயங்காலம் ஆறரை மணி. திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்குகிற பலரும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. ரோட்டோரம் சைக்கிள் கேரியரில் எவர்சில்வர் கேனைக் கட்டி வைத்திருக்கும் சுக்குமல்லி காபி அண்ணனிடம் ஒரு நிமிஷம் நிற்கிறார்கள். பக்கத்துத் தள்ளுவண்டியில் எண்ணெய் காய்கிறது. ஒரு கையில் காகிதத்தில் சுற்றிய வடை, இன்னொரு கையில் சூடான கிளாஸ். "காரம் தூக்கலா இருக்கா, வடையைக் கடிச்சுக்கங்க, சரியாப் போயிரும்" என்கிறார் அண்ணன்.

இந்த ஊரில் மூலிகை பானத்துக்குப் பலகாரம் ஜோடி சேர்ப்பது அவ்வளவு இயல்பான விஷயம். ஆனால் எல்லா ஜோடியும் நல்ல ஜோடி இல்லை. அதை எனக்குப் புரியவைத்தது என் தோழியின் கதை.

வடபழஞ்சி ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கிறாள். எப்போதும் அசதி, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 9.6. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மத்தியானம் முருங்கைக்கீரைப் பொரியல், கேழ்வரகு அடை என்று டப்பாவையும் மாற்றினாள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 9.9. பெரிய மாற்றமில்லை. "மாத்திரையை எதோட போடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார். "சாப்பிட்ட உடனே, ஆவாரம்பூ டீயோட. உடம்புக்கு நல்லதுனு பழக்கிக்கிட்டேன் டாக்டர்."

சிக்கல் அங்கேதான் இருந்தது. மூலிகை டீயை எதோடு குடிக்கலாம், எதோடு குடிக்கக் கூடாது? கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில், அது 'டீ'யா?

சட்டப்படி இல்லை. கமேலியா சைனென்சிஸ் என்ற தேயிலைச் செடியிலிருந்து வருவது மட்டுமே 'டீ' என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. சாதா டீ, கிரீன் டீ எல்லாம் இதில் அடங்கும். ஆவாரம்பூ, செம்பருத்தி, துளசி, லெமன்கிராஸ் போன்றவற்றை 'ஹெர்பல் டீ', 'ஃபிளவர் டீ' என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்பது தவறான பெயரிடல் ஆகும்.

நம் பாட்டிமார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது எப்போதுமே கஷாயம்தான். சுக்குமல்லி காபியில் காபிக்கொட்டை இல்லாததைப் போலத்தான் இதுவும். வாய்ப் பழக்கத்துக்காக இந்தக் கட்டுரையில் 'மூலிகை டீ' என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம். நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் போன்றவை சித்த மருந்துகள். அதற்கு அளவும் நாள் கணக்கும் உண்டு. அவற்றைத் தினமும் வடைக்குத் தொட்டுக்கொள்ளும் பானமாக நினைக்கக் கூடாது.

ஜோடி சேர்ப்பது புது ஃபேஷனா?

கஃபே மெனு கார்டில் 'பேரிங்' என்று பார்த்துவிட்டு இது வெளிநாட்டு வழக்கம் என்று நினைக்கலாம். ஆனால் நம் வீடுகளில் இது பெயர் வைக்காமலேயே நடந்துவருகிறது.

ராம நவமிக்குப் பானகமும் நீர்மோரும் வைத்தால், கூடவே ஊறவைத்த பாசிப்பருப்பில் தேங்காய், மாங்காய், தாளிப்பு சேர்த்த வடைப்பருப்பு இருக்கும். பானகம் என்பது என்ன? வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. அதாவது குளிர்ந்த மூலிகை டீ. இனிப்பான பானத்துக்கு உப்பும் புளிப்பும் உள்ள பருப்பு. சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க வெயிலில் வருகிறவர்களுக்கு மதுரைத் தெருக்களில் அண்டா அண்டாவாக ஊற்றிக் கொடுப்பதும் இந்தப் பானகமும் நீர்மோரும்தான்.

தீபாவளிக்கு நெய்ப் பலகாரம் சாப்பிடுவதற்கு முன்பே ஓர் உருண்டை லேகியம் கொடுப்பதும், பிரியாணி சாப்பிட்ட பிறகு ஓட்டலில் சோம்பு தட்டை நீட்டுவதும், சில வீடுகளில் குடிக்கவே சீரகத் தண்ணீர் வைப்பதும் இதே வகைதான். கனமான சாப்பாடு எங்கே இருக்கிறதோ, அங்கே ஒரு மூலிகையும் பக்கத்தில் இருக்கும்.

வடையும் சுக்கும் ஏன் ஒத்துப்போகிறது?

இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற பொருளில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. ஷோகால் இன்னும் காரமானது. அதனால்தான் இஞ்சி டீயைவிட சுக்குக் காபி தொண்டையில் சுருக்கென்று பிடிக்கிறது. இந்தக் காரப் பொருள்கள் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். வடையைக் கடித்ததும் அதன் எண்ணெய் நாக்கிலுள்ள காரத்தை இழுத்துக்கொள்கிறது. அடுத்த மடக்கு சுக்கு, வாயில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து எடுக்கிறது. ஒன்று மற்றொன்றைச் சமாளிக்கிறது. அண்ணன் சொன்னதற்கு அறிவியல் இவ்வளவுதான்.

இன்னொரு சுவை, துவர்ப்பு. நம் அறுசுவைக் கணக்கில் இதற்குத் தனி இடம் உண்டு. ஆவாரம்பூ, கொய்யா இலை, செம்பருத்தி போட்ட டீயைக் கொஞ்சம் அதிக நேரம் ஊறவிட்டால் நாக்கு வறண்டு, பல்லெல்லாம் கரகரப்பாகத் தோன்றும். டானின் போன்ற பாலிபீனால்கள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வருகிற உணர்வு அது. டானின் எவ்வளவு கெட்டியாக ஒட்டும் என்பதற்கு ஓர் உதாரணம்: தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கியது அந்தப் பட்டையிலிருந்த டானின்.

துவர்ப்பான டீயோடு கடலை, தேங்காய், பருப்பு ஏதாவது சாப்பிட்டால், டானின் எச்சிலை விட்டுவிட்டு உணவிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. துவர்ப்பு தணிந்து ருசி தெரிகிறது. இந்த 'பிடித்துக்கொள்ளும்' குணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ருசிக்கு உதவுகிற அதே குணம்தான் என் தோழியின் காலை வாரியது.

சரி, எதற்கு எது?

சுக்குமல்லி காபி: உளுந்த வடை, கார பணியாரம், மதுரைக்காரர்களின் செல்லமான முள்முருங்கை வடை. எண்ணெயும் உப்பும் உள்ள எதுவும் பொருந்தும். இனிப்புப் பணியாரம், அதிரசம் வேண்டாம். காபியிலேயே கருப்பட்டி இருக்கிறது. 'கருப்பட்டிதானே, ஒண்ணும் செய்யாது' என்று சர்க்கரை நோயாளிகள் நினைப்பது பெரிய தப்பு. கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான்.

ஆவாரம்பூ டீ: லேசான கசப்பு, துவர்ப்பு. அவித்த வேர்க்கடலை, பனங்கிழங்கு, தேங்காய்ப்பூ போட்ட சுண்டல் நல்ல ஜோடி. பூவை வழியோரத்தில் நீங்களாகப் பறிக்க வேண்டாம். ஆவாரைக்கு உறவான பேயாவரையும் மஞ்சளாகத்தான் பூக்கும். அதன் விதை நச்சு. தெரிந்தவர்களிடம் வாங்குங்கள்.

செம்பருத்தி டீ: எலுமிச்சை பிழிந்தால் ஊதா நிறம் பளிச்சென்று சிவப்பாகும். குழந்தைகளுக்கு அதைக் காட்டுவதே ஒரு விளையாட்டு. இனிப்பும் கொழுப்பும் உள்ளவை இதற்குப் பொருத்தம்: கோவில்பட்டி கடலை மிட்டாய், எள்ளுருண்டை, தேங்காய் பர்பி ஒரு துண்டு. ஒரு குழப்பம் மட்டும் தீர வேண்டும். ரத்த அழுத்தம் குறைகிறது என்று நீங்கள் படித்த 'ஹைபிஸ்கஸ் டீ' ஆய்வுகள் பெரும்பாலும் புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்த ஹைபிஸ்கஸ் சப்தாரிஃபாவை வைத்துச் செய்தவை. வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தி அதன் சொந்தக்காரச் செடி, அதே செடி இல்லை. கடையில் விற்கும் புளிப்பான சிவப்பு டீ பெரும்பாலும் சப்தாரிஃபாதான். அதில் பால் ஊற்றினால் திரிந்துவிடும்.

லெமன்கிராஸ் டீ: மீன் வறுவல், மசாலா சுண்டல், பேல் பூரி. மசாலா வாசனையோடு சண்டை போடாமல் ஒட்டிக்கொள்ளும்.

புதினா டீ: பரோட்டா, சால்னா, கறி தோசை சாப்பிட்ட பிறகு வாய்க்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் புதினா வகைகள் உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வைத் தளர்த்தக்கூடியவை. அடிக்கடி நெஞ்செரிச்சல் வருகிறவர்களுக்கு ராத்திரி பரோட்டாவும் புதினா டீயும் சேர்ந்தால் தூக்கம் போகும். அவர்களுக்குச் சீரகத் தண்ணீர் போதும்.

பருத்திப்பால்: இது டீ இல்லைதான். ஆனால் மதுரையில் சாயங்கால பானம் என்று பேசினால் விட முடியாது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால், கருப்பட்டி, அரிசி மாவு, சுக்கு, ஏலக்காய், மேலே தேங்காய்ப்பூ. பானமும் பலகாரமும் ஒரே கிளாஸில். இதற்கு ஜோடி எதுவும் தேவையில்லை. ஒரு கிளாஸ் குடித்தாலே வயிறு நிறையும்.

சாப்பாட்டோடு குடித்தால் என்ன ஆகும்?

இதுவரை சொன்னதெல்லாம் நொறுக்குத்தீனி ஜோடிகள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் கதை மாறுகிறது.

நாம் சாப்பிடும் இரும்புச்சத்து இரண்டு வகை. மட்டன், ஈரல், மீனில் ஹீம் இரும்பு இருக்கிறது. உடல் அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரை, பருப்பு, கேழ்வரகு, கம்பு, பேரீச்சம்பழத்தில் இருப்பது ஹீம் அல்லாத இரும்பு. உடல் இதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கொஞ்சமும் கூடும், குறையும். டானினும் மற்ற பாலிபீனால்களும் குடலில் இந்த இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. எச்சிலின் புரதத்தைப் பிடித்த அதே வேலைதான். பிடிபட்ட இரும்பு ரத்தத்துக்குப் போகாமல் வெளியேறிவிடும்.

'அது சாதா டீக்குத்தானே, மூலிகை டீக்கு இல்லையே?' என்று பலர் நினைக்கிறார்கள். 1999-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன் இதழில் வந்த ஆய்வு இதைத்தான் சோதித்தது. ரொட்டி உணவோடு வெவ்வேறு பானங்களைக் கொடுத்து, தண்ணீர் குடித்தவர்களோடு ஒப்பிட்டு, இரும்பு எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். சாதா டீ இரும்பு உறிஞ்சப்படுவதை 79 முதல் 94 சதவீதம் வரை குறைத்தது. மூலிகை டீயான பெப்பர்மின்ட் 84 சதவீதம் குறைத்தது. சாந்தமான டீ என்று பெயரெடுத்த கமோமில்கூட 47 சதவீதம் குறைத்தது. பால் சேர்த்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

அதாவது, காஃபீன் இல்லை என்பதால் இரும்புக்குப் பாதிப்பில்லை என்று அர்த்தமில்லை. இங்கே வேலையைக் காட்டுவது பாலிபீனால். உங்கள் நாக்குக்குத் துவர்ப்பு தெரிந்தால், அந்த டீயைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

எல்லாரும் இதற்காகக் கவலைப்பட வேண்டுமா?

ரத்தத்தில் இரும்பு போதுமான அளவு உள்ள, கலவையாகச் சாப்பிடுகிற ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கிளாஸ் டீயால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் நம் நிலவரம் அப்படியில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் அது 57 சதவீதம். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கர்ப்பிணிகளுக்கு இந்த வரம்பு இன்னும் கொஞ்சம் குறைவு.

நம் தெருவில் இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல் இந்தக் கணக்கில் வருகிறார். அவர்களில் பலருக்கும் தெரிந்த ஆலோசனை 'கீரை சாப்பிடு' என்பது மட்டும்தான். கீரையைச் சாப்பிட்டுவிட்டு அதன் மேல் துவர்ப்பான டீயை ஊற்றினால், சம்பளத்தை வாங்கிய கையோடு தொலைத்த கதைதான். உடல் எடையைக் குறைக்கவென்று அசைவத்தை விட்டு, மதியச் சாப்பாட்டைக் குறைத்து, மூன்று வேளையும் மூலிகை டீ குடிக்கிற இளம்பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அப்போ விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். நேரத்தை மாற்றினால் போதும். 2017-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் நியூட்ரிஷன் இதழில் வந்த ஆய்வு ஒன்றில், இரும்பு உள்ள உணவோடு சேர்த்துச் சாதா டீ குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது சுமார் 37 சதவீதம் குறைந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது அந்தப் பாதிப்பு நன்றாகக் குறைந்தது.

இன்னொரு வழி, வைட்டமின் சி. கீரையோடு எலுமிச்சை, சாம்பாரோடு ஒரு துண்டு நெல்லிக்காய், சாப்பாட்டுக்குப் பிறகு கொய்யாப்பழம் என்று சேர்த்தால் ஹீம் அல்லாத இரும்பு கூடுதலாக உள்ளே போகும். மத்தியானச் சாப்பாட்டுக்கு உண்மையான ஜோடி டீ இல்லை, எலுமிச்சைதான்.

தயாரிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். சுக்கு, மல்லி, சீரகம் போன்ற வேர், விதை வகைகள் கொதிக்கத்தான் வேண்டும். பூவும் இலையும் கொதிக்க வேண்டியதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வெந்நீரில் சில நிமிஷம் ஊறவைத்து வடிகட்டினால் போதும். வாசனை வரும், துவர்ப்பு குறைவாக இருக்கும்.

மாத்திரை எடுப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

இரும்புச்சத்து மாத்திரையைத் தண்ணீரோடு அல்லது எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். டீ, காபி, பால், மூலிகை டீ எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். அரசு திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரை 180 நாள் கொடுக்கப்படுகிறது. அந்த 180 நாளும் டீயோடு போனால் யாருக்கு லாபம்?

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே வேறு எதுவும் குடிக்க வேண்டும். 'காபி இல்லையே, துளசி டீதானே' என்று இடையில் புகுத்த வேண்டாம்.

சர்க்கரை நோய் மாத்திரையோடு ஆவாரம்பூ டீயை அதிகமாகக் குடிப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரை ரொம்பவும் இறங்கும் வாய்ப்பு உண்டு. ஆவாரம்பூ இருக்கும் இடத்தில் சாவுக்கு வேலையில்லை என்கிற பொருளில் நம்மிடம் பழமொழியே இருக்கிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து.

அதிமதுரம் போட்ட டீ இனிப்பாக இருக்கும், தொண்டைக்கு இதம். ஆனால் நாள்கணக்கில் தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பி.பி. உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் எந்த மூலிகை டீயையும் தினசரிப் பழக்கமாக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு நாள் எப்படி இருக்கலாம்?

காலை டிபனை எட்டரைக்கு முடித்தால், பதினொரு மணிக்கு ஒரு கிளாஸ் ஆவாரம்பூ அல்லது லெமன்கிராஸ் டீ, கூட ஒரு கைப்பிடி வேர்க்கடலை. மத்தியானம் கீரை, பருப்பு, எலுமிச்சை, தண்ணீர். மூன்றரை, நாலு மணி வரை டீ பக்கம் போக வேண்டாம். சாயங்காலம் ஆறரைக்குச் சுக்குமல்லி காபியும் வடையும், தாராளமாக. ராத்திரிச் சாப்பாட்டை எட்டரைக்கு வைத்துக்கொண்டால் நடுவில் போதுமான இடைவெளி கிடைக்கும். படுக்கும் முன் வயிறு கனமாக இருந்தால் சீரகத் தண்ணீர்.

பெரிய சட்டதிட்டம் எதுவும் இல்லை. பலகாரத்தோடு மூலிகை டீ, சாப்பாட்டோடும் மாத்திரையோடும் தண்ணீர். இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

என் தோழி ஆவாரம்பூவை விடவில்லை. மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீருக்கு மாற்றினாள், டீயைப் பதினொரு மணிக்கு மாற்றினாள். அடுத்த மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.4. இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். போன வாரம் மூன்றாவது ஸ்டாப்பில் பார்த்தேன். கையில் சுக்குமல்லி காபி. "இப்போ குடிக்கலாமா?" என்று வம்புக்குக் கேட்டேன். மணியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சாப்பிட்டு அஞ்சு மணி நேரம் ஆச்சு. நீயும் ஒரு வடை சொல்லு."